பின்கோடு சரியாகத்தான் இருந்தது

அப்பா,

இன்று காலை பத்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. நீங்கள் சைக்கிளில் சுற்றிய தெருக்களுக்கு இப்போது தபால் கொண்டுவருகிற பெண், ஒரு கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, முழுக்க ஜப்பான் எழுத்தா இருக்கு. இந்தியான்னு இங்கிலீஷ்ல ஒண்ணு, நம்ம பின்கோடு ஒண்ணு, அம்புட்டுத்தான் புரியிது. அன்னவாசல்ல ஜப்பான் போயிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தானே, ஒங்களுக்குத்தான் இருக்கும்னு கொண்டாந்தேன்."

எனக்குத்தான். உள்ளே ஒரு சின்னச் சிவப்புத் துணிப்பை. நம் தாயத்து மாதிரி, அந்த ஊர்க் கோயில்களில் தருகிற காப்பு. அங்கே முதியோர் இல்லத்து வேலையில் நான் பார்த்துக்கொண்ட ஜப்பானிய அம்மா, என் உடம்புக்கு நல்லது என்று அனுப்பியிருக்கிறார். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நீங்கள் சொன்னபடியே வந்து சேர்ந்திருக்கிறது.

உங்களுக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதம் நான் லீவு கேட்டேன். ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். வீடியோ காலில் அழுதபடி, பக்கத்தில் ஜப்பான்காரர்கள் கும்பிடுகிற ஒரு ஷிண்டோ கோயில் இருக்கிறது, அங்கே வேண்டிக்கொள்ளப் போகிறேன், ஆனால் அந்தச் சாமிக்குத் தமிழ் புரியுமா என்று தெரியவில்லை என்றேன். ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"இந்தி, மலையாளம், அரபின்னு என்னென்ன பாஷையிலயோ எழுதுன கவரையெல்லாம் குடுத்திருக்கேன் தாயி. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. பின்கோடு சரியா இருந்தா வந்து சேந்துரும்."

கும்பிடும்போது கையை இரண்டு தரம் தட்ட வேண்டுமாம் என்று சொன்னேன். "அட, நம்ம சண்டிகேஸ்வரரு!" என்றீர்கள். அத்தோடு அந்தச் சாமி உங்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அந்த முதியோர் இல்லத்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வாரம் ஒருமுறை போவேன். முதல் நாளே அவர் சொன்னார்: முதலில் பெயரையும் விலாசத்தையும் சொல், இல்லையென்றால் யார் கேட்கிறார்கள் என்று சாமிக்குத் தெரியாது. நம் ஊரில் பெயர், நட்சத்திரம் கேட்பார்கள், அங்கே விலாசம். தபால்காரர் மகளுக்கு வேறென்ன வேண்டும்? என் பெயர், விடுதி, மாடி, அறை எண், தெரு, அந்த ஊர்ப் பின்கோடு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பிறகு தமிழில், "அப்பாவுக்கு ஒடம்பு சரியாகணும் சாமி" என்றேன்.

அவ்வளவுதான். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அன்னவாசலைச் சொல்லவில்லை. அப்பா என்றால் அப்பாதானே, அதற்கு மேல் என்ன சொல்வது என்று நினைத்திருக்கிறேன். ஏழு மாதம் இப்படியே கேட்டேன்.

கடைசியில் லீவு கிடைத்தது, நீங்கள் போன மறுநாள். விமானத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்திய விலாசம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெறுநர் இடத்தில் அனுப்புநர் விலாசத்தை எழுதுகிறவர்களை நீங்கள் எவ்வளவு திட்டியிருக்கிறீர்கள்! "எழுதுனவன் வீட்டுக்கே வந்து நிக்கும், கூறுகெட்ட பய" என்பீர்கள். அந்தக் கூறுகெட்டவள் நான்தான் அப்பா.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சாமிக்குத் தெரியாதாடி? இதையெல்லாம் போயி மனசுல போட்டுக்கிட்டு" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டது. தெரிந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களே என்று வாய் வரைக்கும் வந்தது.

தமிழ் புரியாத சாமி என்று விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தக் குளிர்காலத்தில் விடுதி முழுவதும் காய்ச்சலில் படுத்தது. என் அறைக்கு இடப்பக்கம், வலப்பக்கம், எதிரில், எல்லா அறையிலும். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. இங்கே வந்த பிறகும் அப்படித்தான். எட்டு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஒரு தலைவலிகூட எட்டிப் பார்க்கவில்லை.

துணிப்பையை உங்கள் படத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். உங்களுக்கு இனி எதற்கு என்று எடுத்துவிட்டேன். எனக்கும் அது வேண்டாம். உங்களுக்காகக் கேட்ட உடம்பு இது, அப்பா. விலாசம் தப்பி என்னிடம் வந்துவிட்டது. திருப்பி அனுப்ப வழியில்லாமல் நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.