டானிட்சா இரண்டு பேரிடமும் சொன்னது

கோலியர்ஸ் வுட்,
17 நவம்பர் 1991

அன்புள்ள ரமா அன்ரிக்கு,

நீங்களும் சேகர் அங்கிளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டு அறிய வழியில்லை. அம்மா ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே தையல் மெசினைக் கொண்டுவந்து போட்டுவிட்டா. இங்கிலிசில் எழுதினால் பதில் போடமாட்டேன் என்ற உங்கள் பழைய சட்டத்துக்குப் பயந்து தமிழில் எழுதுகிறேன். சிவப்புப் பேனாவைத் தொடாமல் வாசியுங்கள்.

இங்கே ரீ.வி.யைப் போட்டால் போர். நிற்பாட்டினால் எனக்குப் போர் அடிக்கிறது. நீங்கள் வராத சனிக்கிழமைகள் எல்லாம் இப்படித்தான்.

அன்ரி, நீங்களும் அம்மாவும் பேச்சை நிறுத்தியதற்கு இரண்டு பக்கமும் என்னைத்தான் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். ஆகவே என் வழக்கை நானே வாதாடுகிறேன்.

அன்றைக்குச் செய்தியில் யூகோஸ்லாவியாவின் டுப்ரோவ்னிக் நகரத்தின் மேல் புகை எழும்பியது. "ஐயோ லூர்து, நாம ஐஸ்கிரீம் சாப்பிட்ட ஊரு! ஒண்ணா இருந்த நாட்டை இப்படி உடைக்கிறாங்களே!" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "உடைக்கேல்லை ரமா, பிரியினம். பிரியவேண்டி வந்தவைக்குத்தான் அது விளங்கும்" என்றா. பிறகு இரண்டு பேரும் பாவம் அந்த டானிட்சாவைச் சாட்சிக்கு இழுத்தீர்கள்.

"பிரிஞ்சால்தான் எங்களுக்கு நிம்மதி எண்டு டானிட்சாவே என்னட்டைச் சொன்னவ." இது அம்மா.

"என்கிட்ட அவ சொன்னது, பிரிஞ்சா நான் செத்துருவேன்னு!" இது நீங்கள்.

உடனே நாலு கண்களும் என் பக்கம் திரும்பின. ஏனென்றால் எண்பத்தெட்டாம் ஆண்டு அந்தப் பயணத்தில், மோஸ்தாரில் அவவின் வீட்டில் நாங்கள் எல்லாரும் ஒரு கிழமை தங்கியபோது, ஏழு நாளும் மொழிபெயர்த்தது நான்தான். டானிட்சா முந்தி ஜேர்மனியில் தொழிற்சாலை வேலை செய்தவ. நான் ஹம்பேர்க்கில் பள்ளிக்கூடம் போனவள். அதே ஹம்பேர்க்கில் இருந்துவிட்டு வந்த அம்மாவுக்கு ஜேர்மனில் "எவ்வளவு?", "விலை கூட", "வேண்டாம்" மட்டும்தான் தெரியும். அப்பாவும் அங்கிளும் முழுநேரமும் ஆற்றங்கரையில்.

"நீதானே புளுகினனி?" என்று அம்மா என்னைக் கேட்டா. "பொண்ணை வச்சு என்னைக் கேலி பண்ணியிருக்கீங்க" என்று நீங்கள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

கனம் நீதிபதி அவர்களே, அந்த ஊரில் நன்றிக்கு "முருங்கை" என்று சொல்லவேண்டும் என அங்கிளுக்குப் பொய்யாகப் படிப்பித்தது நான்தான். அவர் ஒரு கிழமையாக வெயிற்றர்மாருக்கெல்லாம் முருங்கை முருங்கை என்று தலையை ஆட்டியதும் உண்மைதான். ஆனால் டானிட்சா சொன்னதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவ இரண்டையும் சொன்னவ. என் வாழ்க்கையில் நான் பேசிய அபூர்வமான உண்மை இது. அதற்கா இந்தத் தண்டனை?

இப்படிக்கு,
வெளியே உறவே இல்லாத வெளியுறவு அமைச்சர்,
அஞ்சலீனா


ஸ்ட்ரெதம்,
2 டிசம்பர் 1991

அன்புள்ள அஞ்சு,

உன் கடிதத்தைப் படிச்சு சேகர் விழுந்து விழுந்து சிரிச்சார். முருங்கைக்கு உன்னை மன்னிச்சுட்டாராம். நான் இன்னும் யோசிக்கிறேன்.

ஒரே பொம்பளை காலையில் ஒண்ணு, சாயங்காலம் வேற ஒண்ணு சொல்லுவாளா? நான் டாக்டர்டி. நோயாளிகள் மாத்திச் சொல்றதைப் பார்த்திருக்கேன், ஆனா இந்த அளவுக்கு இல்லை. போன ஏப்ரல் ஒண்ணாம் தேதி "உங்க ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன்"னு குரலை மாத்தி என்னைப் பாதித் தூரம் ஓட வச்சவ நீ. உன்னை எப்படி நம்பறது?

நான் பார்த்த நாட்டைச் சொல்றேன் கேள். ஒரே பண நோட்டில் எத்தனை மொழி எழுத்து! காலையில் பனிமலை, மத்தியானம் மசூதி, சாயங்காலம் மாதா கோயில், ராத்திரி கடல். எங்கேயும் யாரும் நம்மை நிறுத்தலை. மெஜுகோரியே மாதா கோயிலில் உங்க அம்மா ஜெபம் பண்ணினப்போ, வெளியே எனக்கு ஒரு கிழவர் அத்திப்பழம் குடுத்தார். அப்படி ஒரு நாடு இருக்க முடியும்னு பார்த்துட்டு வந்தவளுக்கு, அது உடையறப்போ வருத்தப்பட உரிமை இல்லையா? நான் யூகோஸ்லாவியாவைத்தான் சொன்னேன். அவ ஏன் பேச்சை யாழ்ப்பாணத்துக்கு இழுத்தா?

அன்னிக்கு "உனக்கு என்ன தெரியும்"னு உங்க அம்மா கேட்டாளே, அதுதான் இன்னும் குத்துது.

போன சனிக்கிழமை டூட்டிங் கடைத்தெருவில் பழக்கதோஷத்தில் உங்க வீட்டுக்கும் சேர்த்து ரெண்டு கட்டு கீரை வாங்கிட்டேன். ஒரு கட்டு வாடிப் போச்சு. இதை அவகிட்ட சொல்லாதே.

அன்புடன்,
ரமா ஆன்ட்டி


கோலியர்ஸ் வுட்,
12 ஜனவரி 1992

அன்புள்ள அன்ரிக்கு,

புதுவருச வாழ்த்துகள். கீரை விசயத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை அடுப்படி மேசையில் தவறுதலாக விரித்து வைத்துவிட்டு, அதன் நாலு மூலையிலும் தவறுதலாக நாலு உருளைக்கிழங்கை வைத்துவிட்டேன், காற்றுக்குப் பறக்காமல்.

அம்மா நின்றபடி முழுக்க வாசித்தா. பிறகு கிழங்கை உரித்துக்கொண்டே எனக்குச் சொல்வதுபோல் சுவருக்குச் சொன்னா:

"பனிமலையும் கடலும் ஆருக்குத்தான் பிடிக்காது? எங்களுக்கும் ஒரு நாடு முழுக்கச் செல்லுற ரிக்கற் இருந்ததுதான். காங்கேசன்துறையில ரெயில் ஏறினால் மாத்தறை வரைக்கும் போகலாம். எண்பத்து மூண்டில கொழும்பில காடையர் வீட்டுக் கதவை உடைச்சுக்கொண்டு வரேக்க அந்த ரிக்கற்றை நீட்டியிருக்க வேணுமாக்கும்."

எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வீட்டுக் குளியலறையில் ஒளிந்திருந்தது மட்டும் ஞாபகம். அதனால் வழக்கமான பகிடி, கேலி ஒன்றும் விடாமல் நானும் ஒரு கிழங்கை எடுத்து உரித்தேன். பிறகு அம்மாவே கேட்டா: "அவ அந்தக் கீரையை எறிஞ்சவவோ, சமைச்சவவோ?"

வாடிப்போனது என்றேன். "விசரி" என்றா. அன்ரி, அம்மா தனக்குப் பிடிக்காதவர்களை விசரி, பைத்தியம் என்று ஏசுவதில்லை. 'மிஸிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவா.

டானிட்சாவின் நத்தார் (உங்கள் பாஷையில் கிறிஸ்துமஸ்) மடல் வந்திருக்கிறது. எங்கள் விலாசத்துக்குத்தான், ஆனால் உள்ளே "இரண்டு சீமாட்டிகளுக்கும்" என்று எழுதியிருக்கிறா. கஷ்டம் வந்தால் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவாவாம். அந்த ரெலிபோன் நம்பரும் இருக்கிறது. மடலில் பாதி உங்களுடையது. அதை வெட்டி அனுப்பட்டுமா, அல்லது நீங்கள் வந்து முழுதாகப் பார்க்கிறீர்களா? வந்தால் அம்மா பொரிக்கிற பட்டிஸ் உண்டு, சமோசாவும் உண்டு. சமாதானம் என்றாலே பாதி சமோசா தானம்தானே.

அன்புடன்,
அஞ்சலீனா


ஸ்ட்ரெதம்,
14 ஏப்ரல் 1992

அஞ்சு,

அவசரமா எழுதறேன். நேத்து ராத்திரி நியூஸில் மோஸ்தாரைக் காட்டினாங்க. அந்த ஆத்தங்கரை. நாம காய்கறி வாங்கின தெரு மாதிரி இருந்தது, இல்லை வேற தெருவோ தெரியலை. டானிட்சா பத்தி ஏதாவது தெரியுமா? மூணு தடவை உங்க வீட்டுக்கு போன் பண்ணேன். உங்க அம்மா "ஹலோ"ன்னதும் வாய் வரலை, வச்சுட்டேன்.

மடலை வெட்ட வேண்டாம். நம்பரை மட்டும் எழுது.

ரமா ஆன்ட்டி


கோலியர்ஸ் வுட்,
3 மே 1992

அன்புள்ள ரமா அன்ரிக்கு,

முதலில் நல்ல செய்தி: டானிட்சா உயிரோடு, சுகமாக, ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறா. இப்போது மூச்சு விட்டுவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மூன்று தரம் அடித்துவிட்டு வைத்தது நீங்கள்தான் என்று அம்மாவுக்குத் தெரியும். "மூச்சிலேயே தெரியுது, ரமாதான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டா. நம்பரை உடனே அனுப்பாததற்குக் காரணம், அங்கே ஒருவரும் எடுக்கவில்லை. வெறும் மணியைக் கேட்டு நீங்கள் பயப்படவேண்டாம் என்று அம்மாதான் தடுத்தா. இன்று எடுத்தார்கள்.

நான் ஜேர்மனில் கதைத்தேன். அம்மா என் காதோடு காதை ஒட்டிக்கொண்டு, "என்ன சொல்லுறா? ஒண்டும் சேர்க்காமல் சொல்லு!" என்று நுள்ளிக்கொண்டே இருந்தா. டானிட்சா, கூட்டிவரப் போயிருந்த மகளோடும் மருமகனோடும், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்தாவாம். புருசன் மிர்கோ வரவில்லை. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாராம்.

அப்போது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கக்கூடாத கேள்விதான், கேட்டுவிட்டேன்: "எங்கட அம்மாவிடம் ஒன்றும் ரமா அன்ரியிடம் இன்னொன்றும் சொன்னீர்களா, இல்லையா?"

நான் மொழிபெயர்த்ததை அம்மா நம்பவில்லை. "நீ தள்ளி நில்லு" என்று ரிசீவரைப் பறித்தா. நல்லகாலம், அங்கே மருமகனுக்கு இங்கிலிஸ் தெரியும். அவர் டானிட்சாவைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குச் சொன்னார். நான் மெத்தப் பணிவாகப் பக்கத்தில் நின்றேன்.

டானிட்சா குரோசியர், மிர்கோ செர்பியர், அதாவது இப்போது மோதிக்கொள்ளும் இரண்டு இனம், என்பது நம் இரண்டு வீட்டுக்கும் தெரியும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போன அன்றைக்குக் காலை சாப்பாட்டு மேசையில் மிர்கோ அவவின் ஆட்களைப் பற்றி ஏதோ சொல்ல, பெரிய சண்டையாம். அந்தக் கோபத்தோடு கோயிலுக்கு வந்தபோதுதான் அம்மாவிடம், "பிரிந்தால்தான் எங்களுக்கு நிம்மதி" என்றா. மாலையில் மிர்கோ மீன் வாங்கி வந்து தானே சுத்தம் செய்து கொடுத்தாராம். அதைப் பொரித்துக்கொண்டு நின்றபோதுதான் உங்களிடம், "பிரிந்தால் நான் செத்துவிடுவேன்" என்றா.

"நாட்டைச் சொன்னாவா, மனுசனைச் சொன்னாவா?" என்று அம்மா கேட்டா.

மருமகன் சிரித்துவிட்டுச் சொன்ன பதில்: "எங்கள் வீட்டில் அதைப் பிரித்துக் கேட்க முடியாது, மேடம். எங்களுக்கு நாடே சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது."

"இப்ப என்ன நினைக்கிறாவாம்?"

அதையும் அவர் டானிட்சாவைக் கேட்டார். பிறகு, "ஒன்றும் நினைக்கவில்லையாம். மிர்கோ வந்து சேர்ந்தால் போதுமாம்" என்றார்.

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, சும்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றா. பிறகு, "ரமாவுக்கு நம்பரை எழுது. நான் சொன்னதெண்டு எழுதாதை" என்றா. ஆகவே அம்மா சொன்னதென்று நான் எழுதவில்லை.

நம்பர் மறுபக்கத்தில். என்னிடம் மன்னிப்புக் கேட்க நினைப்பவர்கள் சொக்லேற்றாகவும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
குற்றமற்றவள் எனத் தீர்ப்பான,
அஞ்சலீனா


ஸ்ட்ரெதம்,
7 ஜூலை 1992

அஞ்சு, நீ கேட்ட "சொக்லேற்" இதோடு வருது. கடிதம் உனக்கு இல்லை. பிரிச்சுப் படிச்ச வரைக்கும் போதும், அம்மாகிட்ட குடுடி.

அன்புள்ள லூர்து,

மே மாசத்திலிருந்து நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்டுட்கார்ட்டுக்குப் பேசிக்கிட்டு வர்றேன். நீயும் புதன்கிழமைகளில் பேசறதா அந்த மருமகன் சொன்னார். "உங்களுக்குள்ள ஒரு கால் பண்ணிக்கக் கூடாதா?"ன்னு சிரிச்சார். எனக்கு வெக்கமாப் போச்சு.

நேத்து ராத்திரி அவரே கூப்பிட்டார். போன வெள்ளிக்கிழமை மிர்கோ வந்து சேர்ந்துட்டாராம், ஹங்கேரி வழியா. பாதியா இளைச்சுட்டாராம். ஒரு நாள் முழுக்கத் தூங்கியிருக்கார். எழுந்ததும், வீட்டுச் சாவியை எந்தப் பக்கத்து வீட்டில் குடுத்துட்டு வந்தீங்கன்னு டானிட்சா கேட்டிருக்கா. அவ்வளவுதான், ரெண்டு பேருக்கும் பழையபடி சண்டை. மருமகன் என்கிட்ட பேசறப்போ பின்னாடி ரெண்டு குரலும் உசந்து கேட்டுது லூர்து. ரெண்டும் ஒரே வீட்டிலிருந்து வர்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுட்டேன். என்னமோ ஏதோன்னு சேகர் பதறி ஓடி வந்தார்.

"உனக்கு என்ன தெரியும்"னு கேட்டே. எனக்குத் தெரியாதுதான். நீ குழந்தையைப் பக்கத்து வீட்டில் ஒளிச்சு வச்ச அந்த ஜூலையில், நான் மெட்ராஸில் கல்யாணப் புடவைக்குக் கலர் பொறுக்கிக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷம் உன்கிட்ட அந்த நாளைப் பத்தி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பயம். ஆனா, தெரியாதவளுக்கும் ஒரு நல்ல ஊர் எரியறதைப் பார்த்தா வலிக்கும். அதை நீ ஒத்துக்கணும். ஒத்துக்க மாட்டே, எனக்குத் தெரியும்.

அதனால சனிக்கிழமை வர்றேன். சமாதானத்துக்கு இல்லை. அன்னிக்குப் பாதியில் கோட்டை மாட்டிக்கிட்டுப் போனது என் தப்பு; மீதிச் சண்டையை உட்கார்ந்து போடலாம். முதல்ல நீ கொழும்பைச் சொல்லு, நான் குறுக்கே பேசாம கேக்கறேன். அப்புறம் என் கட்சியை நான் சொல்றேன்.

ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் இருப்பேன்.

உன்,
ரமா