பார்த்ததை எழுதியவள்

கோவில்பட்டி,
மே மாதக் கடைசி ஞாயிறு.

மதிப்பிற்குரிய பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சபிதா. உங்கள் மகள் கல்யாணசுந்தரி பி.ஏ. ஆங்கிலத்துக்கு இடம் கேட்டிருக்கும் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போனில் சொன்னால் மதிப்பெண் மட்டுமே காதில் நிற்கும் என்பதால், நாளை நீங்கள் இருக்கும் மஸ்கட்டுக்கே திரும்பும் பிச்சையா அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பசுவந்தனையில் உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரி ஆங்கிலத்துக்குத் தயாரா என்று பார்க்கப் போன வாரம் ஒரு தேர்வு வைத்தோம். அதில் தேறினால்தான் படிப்பு, இல்லையென்றால் பெரியப்பா கடையில் நிற்கட்டும் என்று நீங்கள் சொல்லியிருப்பதை அவளே சொன்னாள்.

ஊரில் நீங்கள் கண்ட ஒரு மாற்றத்தை எழுதுங்கள் என்பது கேள்வி. பெரும்பாலோர் மரம் வளர்ப்பைப் பற்றிப் பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டுரையைப் பிழையில்லாமல் இறக்கி வைத்திருந்தார்கள். உங்கள் மகளின் தாளில் வரிக்கு ஒரு பிழை. ஆனால் அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: கோடையில் எங்கள் புஞ்சையில் வெடிப்பு விழும். கையை விட்டால் முழங்கை வரை போகும். மழை பெய்த பிறகு அதே இடத்தில் தேடினேன். வெடிப்பு இல்லை. உள்ளே இருந்த இருட்டெல்லாம் எங்கே போனது?

பேனாவை வைத்துவிட்டேன். அடுத்த தாளை எடுக்க வெகுநேரமாயிற்று. நானும் இந்தக் கரிசலில் வளர்ந்தவள்தான். எனக்கு ஒருநாளும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

யாராவது சொல்லித் தந்தார்களா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “இத யாரு மிஸ் சொல்லித் தருவா? பாத்தேன், எழுதுனேன்” என்றாள். கூட வந்த மாரிச்செல்வி, “படிச்சத எழுதாம பாத்தத எழுதி வச்சிருக்கா மிஸ், கூறுகெட்டவ” என்று சிரித்தாள். உங்கள் மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் தேறவில்லை அண்ணாச்சி. பிழைக்கு மதிப்பெண் குறைப்பதுதான் முறை. நான் கூட்டிப் போட முடியாது, போடவும் இல்லை. தேறாதவர்களுக்கு ஜூன் மாதம் ஆயத்த வகுப்பு உண்டு. அதை முடித்தால் இடம் கிடைக்கும். அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். பிழைகளை நான் திருத்திவிடுவேன். அப்படிப் பார்க்கிற கண்ணை யாருக்கும் என்னால் கொடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை முடிவை ஒட்டுவார்கள். அவளுக்கு இன்னும் தெரியாது. அதற்குள் அவளைப் போனில் கூப்பிட்டு, படிக்கப் போ தாயி என்று நீங்கள் சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணை அதற்குப் பிறகு அவள் பார்க்கட்டும்.

உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்ளும்,
சபிதா