கூம்புச் சர்க்கரை

அக்டோபர் 9

ரெதுவான், இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஹிபாவுக்கு இருமல். தோளில் போட்டுத் தட்டித் தட்டி இப்போதுதான் தூங்கவைத்தேன். "இவ தினமும் என்ன பண்றான்னு எழுதி வை, வந்ததும் உக்காந்து படிக்கிறேன்" என்று தெற்கே தக்லா துறைமுகத்துக்குக் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இன்று: மொட்டைமாடியில் கட்டியிருக்கும் ஆட்டோடு ரொம்ப நேரம் பேசினாள். அது பதில் சொல்லவில்லை என்று அழுதாள்.

நீயும் ஒரு வாரமாகப் பேசவில்லை. நடுக்கடலில் சிக்னல் இருக்காது, தெரியும். தெரிந்தும் — இந்த இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டதோ? யாரிடம் கேட்பேன்?

அக்டோபர் 12

மருந்தைத் துப்பிவிட்டாள். உனக்குப் போன் அடித்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. நடுக்கடலில் மணி போகுமா?

அக்டோபர் 17

இதைப் படிக்கும்போது நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

இங்கே லராஷில் நான்கு நாளாக மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. ஹம்மாமில், அந்தப் பொதுக் குளியலறையில், குளித்துவிட்டு வந்து, அலமாரியில் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உன் தங்கை கல்யாணத்துக்கு மாமி தைத்துக்கொடுத்த வெள்ளை ஜெல்லாபா அங்கி, ஈரத்தலைக்கு வெள்ளைத் துணி, குளிருக்கு வெள்ளைக் காலுறை. ஹிபாவை முதுகில் கட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போனேன்.

ரொட்டி அடுப்புக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும் மகளே என்றார். ஆமீன் என்றேன். ருமேனியாவிலிருந்து உன் ஊருக்கு வந்த ஐந்து வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பத்திரமான பதில் அது. யார் என்ன சொல்லி வாழ்த்தினாலும் ஆமீன். இருமுகிற குழந்தையை வைத்திருப்பவளுக்குப் பொறுமை வேண்டியதுதானே. புதினா விற்கிறவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. கறிக்கடைக்காரர் ஹிபாவின் தலையைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் ஆமீன். இந்த ஊர் கடைசியில் என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது என்றுகூட நினைத்தேன். முட்டாள்.

சாயங்காலம் கதவைத் தட்டுகிறார்கள். ஐந்து பெண்கள். ஆளுக்கொரு கூம்புச் சர்க்கரை, நீலக் காகிதத்தோடு. பின்னால் பெரிய தட்டில் கூஸ்கூஸ். கீழ்வீட்டு சொஹ்ராக்கா மத்தி மீன் ஆலையிலிருந்து ஓடிவந்திருக்கிறாள், மேலங்கிகூடக் கழற்றவில்லை.

"என்னடி இலின்கா, எப்போ போனாரு? கீழ்வீட்டுல இருக்கேன், எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே."

"தக்லாவுக்கா? ஆகஸ்ட்லயே போயிட்டாரேக்கா."

சொஹ்ராக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அடிப்பாவி, காலுறைகூட வெள்ளை. புருஷனைப் பறிகொடுத்தவதான் இப்படி உச்சி முதல் பாதம் வரை வெள்ளையா நிப்பா. அஞ்சு வருஷமா எந்தக் கண்ணால ஊரைப் பாத்தே?"

அப்புறம் என்ன, அத்தனை பேரும் சிரித்துச் சிரித்து மூச்சுமுட்டிப் போனோம். கொண்டுவந்த கூஸ்கூஸை இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சர்க்கரையை மட்டும் யாரும் திரும்ப எடுத்துப்போகவில்லை. எடுத்தால் நல்லதில்லையாம். "இருக்கட்டும், அவர் வந்ததும் டீ போட்டுக் கொடு" என்றாள் சொஹ்ராக்கா.

உன்னிடம் சொல்லிச் சிரிக்கத்தான் திரும்பத் திரும்பப் போன் அடித்தேன்.

அக்டோபர் 18

நீ செத்துப்போன செய்தி பஸ் ஏறி உன் அம்மா வரைக்கும் போய்விட்டது. காலையிலிருந்து மாமி போனில் ஒப்பாரி. இல்லை மாமி, என் துணிதான் தப்பு, மழை, வேறு எதுவும் காயவில்லை என்று எத்தனை தடவை சொன்னேன். நம்பவில்லை.

"அப்போ அவன் ஏம்மா எடுக்க மாட்டேங்கிறான்?"

தக்லா துறைமுகத்தில் இருக்கும் உன் சித்தப்பா மகன் முனீரை, போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வரச்சொல்லியிருக்கிறாராம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 20

உயிரோடுதான் இருக்கிறாய்.

கப்பலில் இல்லை. ஒரு வீட்டில். கதவைத் திறந்தவள் வயிற்றுப்பிள்ளைக்காரி. எம் புருஷன் தூங்குறாரு, அப்புறம் வாங்க என்றாளாம். முனீர் மாமியிடம் சொல்லி, மாமி சொஹ்ராக்காவிடம் சொல்லி, சொஹ்ராக்கா வந்து என் சமையலறைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாமி என்ன சொன்னாங்க தெரியுமா? "உசுரோட இருக்கானே, அல்ஹம்துலில்லாஹ், அது போதும்."

போதுமா? யாருக்குப் போதும்? ஹிபா ஆட்டுக்கிட்ட பேசிட்டு இருக்கா, அதை நான் எழுதிட்டு இருக்கேன் — யாருக்கு எழுதறேன்?

அக்டோபர் 21

யாரும் வரவில்லை.

அக்டோபர் 30

இருமல் நின்றுவிட்டது. அதே ஐந்து பெண்கள் மாடிப்படியில் எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். கெட்டவர்கள் இல்லை. செத்திருந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். சர்க்கரை, கூஸ்கூஸ், கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஒரு வார்த்தை. சொஹ்ராக்காவே சொன்னாள்: "இதுக்கு என்ன சொல்றதுன்னு எங்க யாருக்கும் தெரியலடி."

புருஷன் செத்தவள் நாலு மாதம் பத்து நாளில் வெள்ளையைக் களைந்துவிடலாம். எனக்கு அப்படி ஒரு தேதி இல்லை.

நவம்பர் 16

அவன் பேசினான். கேட்க எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஹிபா எப்படி இருக்கா என்றான். இருமல் போயிடுச்சு என்றேன். வருவியா என்று கேட்டேன். பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ் என்றான்.

சிலிண்டர் இல்லாதபோது காஸ் கடைக்காரர் சொல்வாரே, அதே குரல்.

டிசம்பர் 5

ஹிபாவைக் கூட்டிக்கொண்டு ருமேனியாவுக்கே, என் அம்மா, அக்காவிடமே போய்விடலாம் என்று பாஸ்போர்ட் கேட்கப் போனேன். குழந்தைக்கு எடுக்க அப்பா சம்மதம் வேண்டும். ஊரில் இல்லை என்றேன். போன் எடுக்கமாட்டார் என்றேன். அந்த அதிகாரி சின்னப் பெண், நல்லவிதமாகத்தான் கேட்டாள்: "அவர் தவறிட்டாராக்கா? அப்படின்னா சுலபம்."

ஆமீன் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

டிசம்பர் 6

எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 24

முனீர் மூலமாகச் சொல்லி அனுப்பியதற்குப் பதில் வந்தது. சம்மதம் தரமாட்டானாம். மகள் தன் மண்ணில்தான் வளரவேண்டுமாம். அவளுக்குக் கடைசியாக எந்தப் பல் முளைத்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

ஜனவரி 14

கோரினா அக்கா, இது ரெதுவானுக்காக எழுதிக்கொண்டிருந்தது. இனி அவன் படிக்கப்போவதில்லை. இந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன்.

நான் மட்டும் என்றால் நாளைக்கே விமானம் ஏறலாம். ஹிபாவால் முடியாது. அதனால் நானும் வரவில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். சொஹ்ராக்கா என்னை மீன் ஆலையில் சேர்த்துவிட்டிருக்கிறாள். அவள் இரவு முறை, நான் பகல் முறை. நான் போகிற நேரம் ஹிபா அவள் பக்கத்தில் தூங்குகிறாள். என் கையில் மீன் வாடை போகவே மாட்டேன் என்கிறது. முதலில் ஹிபா முகத்தைச் சுளித்தாள், இப்போது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அவன் வந்தால் டீ போட வைத்திருந்த சர்க்கரையில் கடைசிக் கூம்பை இன்றைக்கு உடைத்தோம், நானும் சொஹ்ராக்காவும். நன்றாகத்தான் இனித்தது.

என்னால் வரமுடியாது, அக்கா. நீ வர முடியுமா? ஒரு வாரத்துக்காவது. முடியாது என்றாலும் முடியாது என்று எழுது. சீக்கிரம் பதில் போடு.