சிங்கக் கொட்டாவிகள்

பெப்ரவரி 5, வியாழன்
அம்மருட், நோர்வே. குளிர் மைனஸ் பதினொன்று. லிஃப்ட் மறுபடியும் பழுது.

கென்யாப் படங்களைத் தெரிந்தெடுக்கும் வேலை. நாலாயிரத்துச் சொச்சம். சிங்கம் கொட்டாவி. சிங்கம் கொட்டாவி. யானையின் பின்பக்கம். ஐந்து வருடமாக நோர்வே மான்களையே எடுத்துச் சலித்து, புதிதாக ஏதாவது கண்ணில் படும் என்று போன ஆள் நான். விடுமுறைக்குப் போகிற பல் வைத்தியரும் இதைத்தான் எடுப்பார்.

காட்சிக்கூடம் நடத்தும் மரித் என்பவளுக்குப் பத்துப் படம் அனுப்பவேண்டும். புதிதாக ஒன்றாவது இல்லையென்றால் இந்த வருடக் கண்காட்சியில் எனக்குச் சுவர் கிடையாதாம்.

மனைவி சுபா எட்டிப் பார்த்தாள். "பத்து நாளும் சிங்கத்தின்ரை வாயைத்தானே எடுத்திருக்கிறியள்."

சுபாவுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்.

பெப்ரவரி 6, வெள்ளி
முழுவதையும் அப்படியே மரித்துக்கு அனுப்பிவிட்டேன். பிரிக்கப் பொறுமை இல்லை. சுபா கைபேசியில் எடுத்தவையும் அதற்குள் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

பெப்ரவரி 8, ஞாயிறு
லோறென்ஸ்கூக்கில் ஒரு மண்டபம். மச்சானின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு. மேடையில் பிள்ளை இருந்தாளாம். நான் கண்டது ஐந்து கமராக்காரரின் முதுகு. ஆலாத்தி எடுத்த பெண்களிடம் அவர்களில் ஒருவன், "இன்னொருக்கால் சுத்துங்கோ, வடிவா வரேல்லை."

பின்வரிசையில் ஒரு அன்ரி: "தம்பியவை, கொஞ்சம் விலகுங்கோவன். பிள்ளையைப் பாக்கத்தானே வந்தனாங்கள்."

ஒருவனும் அசையவில்லை. வெட்கம் கெட்டவர்கள். இவர்களுக்கும் புகைப்படக்காரர் என்றுதான் பெயர்.

மச்சானுக்கு ஒரு சிங்கப்படம் வேண்டுமாம். சோபாவின் நிறத்துக்குப் பொருந்தவேண்டுமாம்.

பெப்ரவரி 9, திங்கள்
மரித்திடம் போனேன். கோப்பி என்ற பெயரில் கறுப்புத் தண்ணீர். என் சிங்கங்களை அரை நிமிடத்தில் தள்ளிவிட்டாள். "அழகு. ஆனால் எல்லாம் பார்த்தவை."

பிறகு ஒன்றைப் பெரிதாக்கினாள். "இது வேண்டும்."

சுபா எடுத்தது. அன்று என் லென்ஸ் பைகளுக்கு இடம் போதாது என்று அவளைப் பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றியிருந்தேன். படத்தில் பதினெட்டு ஜீப், வட்டமாக. எழுந்து நிற்கும் முதுகுகள். இடுக்கில் ஒரு சிவிங்கிப்புலி, பிடித்த மானைப் போட்டுவிட்டுப் போகிறது. எல்லோருக்கும் முன்னால், மறைத்துக்கொண்டு, நான்.

சாரதி சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அது இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றான். இன்னும் கிட்டப் போ என்று அவன் தோளைத் தட்டினேன்.

"முன்னால் நிற்கும் இந்தச் சுற்றுலாக்காரனின் முதுகுதான் படமே" என்றாள் மரித்.

யார் என்று நான் சொல்லவில்லை. எடுத்தவரின் பெயரைக் கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.