வெளியே மட்டும் தாழ்ப்பாள் உள்ள கதவு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் இந்த வாலும் பெரிதாக ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குட்டி சுவரைப் பிடித்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள் என்று சொன்னாய், கேட்டு சந்தோஷம். என் வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது, எலும்பு முறியவில்லை, பதறிக்கொண்டு போன் செய்யாதே, எப்படி ஆயிற்று என்று பின்னால் சொல்கிறேன். அதனால்தான் இவளைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். (மணிக்கட்டுக்கே கட்டு, அக்கா. அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சரக்கு, மற்றதெல்லாம் அம்மாவுடையது. சம்பளம் இல்லாத உத்தியோகம், இந்தச் சலுகையாவது வேண்டாமா.) இவள் என்ன எழுதுகிறாள் என்று கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, என் கண்ணாடி எங்கே என்று இவளுக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே நடுவில் ஏதாவது கிறுக்கியிருந்தால் கண்டுகொள்ளாதே. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனை எடுத்தவுடன் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் நடுவில் வைத்துவிடுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீங்கள் இங்கே வரப் போகிறீர்களா இல்லையா என்பதைத்தான் கேட்க வேண்டும், அதற்கு முன்னால் இங்கே நடப்பதை எல்லாம் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடு எப்படி இருக்கிறது என்று போன தடவை கேட்டாய். வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கலாம், சாமான்களுக்கு நடுவில் எங்கேயோ இருக்கிறது. டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவரை உன் அப்பா கிரீஸ் கையோடு வந்து சட்டையை மட்டும்தான் கெடுப்பார், ஓய்வு பெற்றபின் ஒரு வீட்டையே எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் நாங்க அங்கயே வந்துடலாம்னு இருக்கோம்பா என்று நீ ஒரு வார்த்தை சொன்னாயே, அன்றைக்குப் பிடித்தது. மாடி அறையை உங்களுக்காகத் தயார் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார். கடையில் விற்கிற கட்டிலும் மேஜையும் அட்டைப்பெட்டிக்குத் தம்பி, தண்ணி பட்டா ஊதிப்போகும், எம் பொண்ணுக்கு அந்தக் காலத்து மரம்தான் என்றார். பழைய கட்டடங்களை இடிக்கிற காண்ட்ராக்டர் ஒருவர் சிநேகிதமானார், எங்கே எதை இடித்தாலும் முதல் போன் நம் வீட்டுக்குத்தான். (அவருக்கு நான் வைத்த பெயர் இடிதாங்கி மாமா. அவர் இடிப்பார், அப்பா தாங்குவார்.) மூடிப்போன தியேட்டரிலிருந்து மூன்று இருக்கை ஒன்றாகச் சேர்ந்த மடக்கு நாற்காலி வந்தது, தையல் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி வந்தது, ஏதோ பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வந்தது, பழைய மருந்துக்கடையிலிருந்து சின்னச் சின்ன இழுப்பறைகளாக ஒரு அலமாரி வந்தது. (ஒவ்வொரு இழுப்பறையிலும் ஒரு வியாதியின் பெயர் எழுதியிருக்கிறது. குட்டியின் உடுப்பை ‘வயிற்றுப்போக்கு’ இழுப்பறையில் வைப்பதாகத் திட்டம். பொருத்தம்தான்.)

எனக்கு அலுத்துவிட்டது, பெரியவளே. காலையில் எழுந்தால் துரு, பெருக்கி முடித்தால் மரத்தூள், சமைக்கப் போனால் வார்னிஷ் வாடை. எந்த நாற்காலியில் உட்காரலாம், எதில் உட்கார்ந்தால் கால் கழன்றுவிடும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்களைக் காப்பாற்றுவதே என் வேலையாக இருக்கிறது. உன் அப்பாவோ நாள் முழுக்க உப்புத்தாளோடு மாடியில் உட்கார்ந்து தேய்க்கிறார், மூச்சு வாங்குகிறது, கனமானதைத் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதற்கு, இது கனமே இல்ல டாக்டர், பழைய மரம், காஞ்சு போச்சு என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தார். இவள் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய். தன் சைக்கிளின் பின்சக்கர மட்கார்டு கழன்று விழுந்ததை எடுத்து அவருடைய குவியலில் செருகிவிட்டு, அப்பா இது என்ன, வளைவா ஏதோ சிற்பம் மாதிரி இருக்கே என்று கேட்டிருக்கிறாள். அவர் அதைத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, தையல் கடைக் கண்ணாடிக்கு மேலே தோரணம் மாதிரி மாட்டிவிட்டார். (பார்க்க வந்த இடிதாங்கி மாமா, இது ஏதோ தேர்ல இருந்து கழட்டினது, விட்டுடாதீங்க என்றார். நான் உண்மையைச் சொன்னேன், அப்பா நம்பவில்லை. இப்போது மழையில் போனால் என் முதுகெல்லாம் சேறு.)

இனி கை விஷயத்துக்கு வருகிறேன். துணிக் கிடங்கு ஒன்றை இடித்தபோது ஒரு கதவு வந்தது, அதன் கனத்துக்குப் படியேற்றவே ஆட்கள் திண்டாடிப் போனார்கள். அழகான கதவு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கிடங்குக் கதவு, தாழ்ப்பாளும் வளையமும் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்பக்கம் வெறும் பலகை. துணி மூட்டைகளா உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடப் போகின்றன. அதிலும் அந்தத் தாழ்ப்பாள், கதவு வேகமாகச் சாத்தினால் இரும்புத் தண்டு தானாகவே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். உள்ள ஒரு கைப்பிடியாவது வைங்க என்று மாடி அறைக்கு அதை மாட்டிய அன்றைக்கே சொன்னேன். பழைய சாமான்ல புதுசா துளை போடறது கொலைக்குச் சமம், அதோட முகம் போயிடும் என்றார். எனக்கு வாதாடத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு நாள் இவள் பள்ளிக்கூடத்தில், அவர் வெளியே, நான் அறையைப் பெருக்கலாம் என்று துடைப்பத்தோடு உள்ளே போனேன், காற்று வந்தது, கதவு சாத்திக்கொண்டது, தண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. போன் கீழே சமையல்கட்டில். ஜன்னல் பின்பக்கம் பார்த்தது, பின்வீட்டில் இப்போது ஆளில்லை. கையால் தட்டினேன், குத்தினேன், தோளால் முட்டினேன், அந்தக் கதவு என்னை ஒரு மூட்டையாகக்கூட மதிக்கவில்லை. அந்தக் குத்தில்தான் மணிக்கட்டு போனது. (கிடங்குக் கதவு அல்லவா, உள்ளே போனால் கிடக்க வேண்டியதுதான் என்று நான் சொன்னதற்கு இடது கையால் ஒரு அடி கிடைத்தது.)

கத்திக் கத்தி ஓய்ந்து கடைசியில் அந்தத் தியேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றில் நடு இருக்கை மட்டும் முதுகுக்கு இதமாக இருந்தது. தடவிப் பார்த்தேன், அதற்கு மட்டும் உள்ளே புது ஸ்பிரிங்கும் பஞ்சும் வைத்துத் தைத்திருக்கிறார். குட்டி பிறந்தபின் முதுகு வலிக்கிறது என்று நீ எப்போதோ போனில் சொன்னாய், எனக்கே மறந்துவிட்டது. இத்தனை நாளும் அந்த அறைக்குள் நான் தூசியைப் பார்க்கத்தான் போயிருக்கிறேன், அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் அறையைப் பார்த்தேன். ஸ்விட்சுகளை எல்லாம் கட்டிலின் இடது பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார், நீ இடது கைக்காரி என்று. கரும்பலகையைச் சுவரில் என் முழங்கால் உயரத்துக்கு இறக்கி மாட்டியிருக்கிறார், யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய சாமானில் ஒரு துளை போட்டாலே கொலை என்கிற மனிதர், அந்தப் பலகையின் நாலு மூலையையும் அலமாரியின் மூலைகளையும் ரம்பத்தால் அறுத்து, குழந்தையின் நெற்றியில் இடித்தால்கூட வலிக்காதபடி உருட்டித் தேய்த்து வைத்திருக்கிறார். வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு அழத் தெரியாது, உனக்குத் தெரியும்.

ஒருவழியாக அவர் வந்து கதவைத் திறந்தார். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் முதலில் திடுக்கிட்டு, ஐயோ எவ்ளோ நேரமா உள்ள இருக்க என்று கேட்டார். அடுத்த மூச்சில், சாயந்திர வெயில் கண்ணுல அடிக்குதா, பெரியவளுக்கு வெயில் பட்டா தலைவலி வருமே என்று கேட்டார். அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது, அடிக்கல என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம்தான் என் கையைப் பார்த்தார். மறுநாள் காலையில் டிரில்லை எடுத்து அந்தக் கதவில் துளை போட்டு உள்ளே ஒரு கைப்பிடி வைத்தார். (துளை போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், அக்கா, ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளை மாதிரி.)

இப்போது கேள். போன மாதம் நான் போன் செய்தபோது நீ குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய், மாப்பிள்ளை எடுத்தார். நம் வீட்டில் அன்றைக்கு உன் அப்பா இல்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து மாப்பிள்ளை சகஜமாகச் சொன்னார், வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு அத்தை, சாவி சீக்கிரம் குடுத்துடுவாங்க, மாமா கேட்டுட்டு என்ன சொன்னாரு என்று. சந்தோஷம் மாப்பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் அங்கேயே சொந்தமாக வீடு வாங்கிவிட்டீர்கள், இங்கே வரப் போவதில்லை. உன் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். (அக்கா இது எனக்குத் தெரியாது. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. பேனாவை வைத்துவிட்டேன், அம்மா எழுதுடி என்கிறாள். எழுதுகிறேன்.)

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் வேலை அங்கே, மாப்பிள்ளையின் பிழைப்பு அங்கே, குட்டி பேசப் போகிற பேச்சே அந்த ஊர்ப் பேச்சு, நான் உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் உன் அப்பா எப்போ வர்றீங்க என்று கேட்கும்போதெல்லாம் பாக்கலாம்பா, பாக்கலாம்பா என்கிறாயே, அவர் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் மரம் தேய்க்கிறார். நான் சொல்லிவிடலாம் என்று ஒருதரம் ஆரம்பித்தேன், அவ வராம போயிட்டா என்ன பண்ணுவீங்க என்று. உனக்குப் பழசே பிடிக்காது, அதான் அபசகுனமா பேசற என்று எழுந்து போய்விட்டார். ஒரு வருஷமாகப் புலம்பிப் புலம்பி என் வார்த்தைக்கு இந்த வீட்டில் மதிப்பில்லாமல் போய்விட்டது, இனி நான் நிஜத்தைச் சொன்னாலும் அது புலம்பல்தான். நீதான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏதோ ஓட்டலை இடிக்கிறார்கள், அதிலிருந்து இரும்புச் சுழல் படிக்கட்டு ஒன்று பேசி வைத்திருக்கிறார், உங்களுக்குத் தனி வாசல் வேண்டுமாம், எங்களைத் தாண்டி வந்து போக சங்கடப்படுவீர்களாம். அதை மாட்ட மாடி அறையின் வெளிச்சுவரை உடைக்க வேண்டும், அடுத்த மாதம் பிறந்ததும் கொத்தனார் வருகிறார். இடித்த வீட்டுச் சாமானுக்காக இடியாத வீட்டை இடிக்கப் போகிறார். சுவர் போனால் பூசிக்கொள்ளலாம், அந்தப் படிக்கட்டை அவரும்தான் தோள் கொடுத்துத் தூக்குவார், அந்த மூச்சோடு. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சுற்றி வளைத்துச் சொல்லாதே. இந்த வருஷம் முடியல, அடுத்த வருஷம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டால் அவர் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத் தேய்ப்பார். வரலப்பா, இங்கேயே இருக்கப் போறோம் என்று சொல். இரண்டு நாள் சாப்பிடமாட்டார், என்மேல் எரிந்து விழுவார், நான் பார்த்துக்கொள்கிறேன், அது எனக்குப் பழக்கம். விடுமுறைக்கு வாருங்கள், ஒரு மாதம் அந்த அறையில் இருங்கள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு குட்டி அந்தப் பலகையில் கிறுக்கட்டும், அது போதும் என்று அவரையே சொல்லவைக்கிறேன். (அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். நானும் குடித்தேன்.)

முதுகைப் பார்த்துக்கொள், குட்டியைத் தூக்கும்போது குனியாதே, உட்கார்ந்து தூக்கு. மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, அவர் மறைத்தா பேசினார், பாவம். புது வீட்டில் நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், நிறைவாக, நீண்ட காலம் இருக்க வேண்டும், என் வாயால் மனதாரச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அப்பாவைக் கூப்பிடு, அவர் ஸ்பீக்கரில் போட்டால் எடுக்கச் சொல்லு, காதில் வைத்துக் கேட்கட்டும்.

உன் அம்மா
(கையெழுத்து இடது கையால் அவளே போட்டது, நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தாலும் அசல்.)

(அக்கா, உறையை ஒட்டப் போகும்போது அப்பா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, யாருக்குடி கடுதாசி என்றார். உனக்குத்தான் என்றேன். உப்புத்தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கி வந்து, நானும் ஒரு வரி சொல்றேன், எழுதிக்க என்றார். அம்மாவைப் பார்த்தேன். அவர் சொல்றத அப்படியே எழுது என்றாள். எழுதுகிறேன்: வரும்போது தட்டுமுட்டுச் சாமான் ஒன்னும் தூக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லு, இங்க எல்லாம் இருக்கு, ஆளுங்க மட்டும் வந்தாப் போதும்.)