உன் கையில் காய்ந்திருந்த சுண்ணாம்பு

என் கூடப் பிறந்த தங்கமே, தனம்,

நீ போய் இரண்டு பொங்கல் வந்து போய்விட்டது. மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணும், நினைவு கோணாது. உன் கல்யாணப் பந்தியில் உன் மாமியார் என்னைப் பாதியில் எழுப்பிவிட்டாளே, அப்போது என் இலையில் கடித்த வடை ஒன்று மிச்சம் கிடந்தது. அதையே மறக்காதவள், அந்த மெஷின்காரரை மறப்பேனா?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் மாடியில் இருந்தார். உனக்கு டி.பி. என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொல்லி, மாதக்கணக்கில் மாத்திரை தின்று, வயிறு எரிந்து நீ வெறுத்துப்போயிருந்த நேரம். உன் வீட்டுக்காரர்தான் கூட்டிப்போனார். நான் துணைக்கு வந்தேன்.

டிரங்குப் பெட்டி அளவு மெஷின். இரண்டு ஒயர், முனையில் இரண்டு பித்தளைக் குழாய். அவற்றைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு முள் ஆடியது.

"உடம்புல ஒவ்வொண்ணுக்கும் ஒரு அலை இருக்கும்மா. நோய்க்கும் தனி அலை. மெஷின் அந்தக் கெட்ட அலைய மட்டும் பிரிச்சு, தலைகீழாத் திருப்பி உடம்புக்குள்ளயே அனுப்பும். மேடும் பள்ளமும் சேந்தா சமமாயிடும்ல? நோய் போயிடும்."

"இத யாரு கண்டுபுடிச்சது?" என்று கேட்டேன்.

"ஜெர்மனில ஒரு டாக்டரும் அவரு மருமகனும். மருமகன் இன்ஜினியர். அதுக்கு முன்னாலயே அங்க ஒருத்தரு, சீனாக்காரங்க ஊசி குத்துற எடத்துல கரண்டு வெச்சு அளந்து பாத்தாரு. அதுலேர்ந்து வந்ததும்மா இது."

"மாமனாரும் மருமகனும் சண்ட போடாம ஒரு வேல செஞ்சாங்களா? அப்ப பெரிய வைத்தியந்தான்க்கா" என்றாய். சிரித்த சிரிப்பில் இருமல் வந்து உனக்கு வேர்த்துக் கொட்டியது. முள் எகிறியது. "பாருங்க, நோயோட அலை" என்றார்.

வாரா வாரம் திங்கட்கிழமை போனாய். முள் எகிறிக்கொண்டேதான் இருந்தது.

அப்புறம் மார்கழிக் கடைசி. என் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்து நின்றாய். நோயாளி நீ, சும்மா உட்கார் என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. அதற்கு முந்தின வருஷம் நீ வராமல் இருந்த கோபம் என் வாயை அடைத்திருந்தது. கையாலேயே சுண்ணாம்பைக் கலக்கினாய். உள்ளங்கை வறண்டு தோல் உரிந்தது. மறுநாள் அதே கையால் குழாயைப் பிடித்தாய். முள் அசையவே இல்லை.

"அலை போயிடுச்சும்மா. இனி மாத்திரை வேணாம். அதோட அலை நல்ல அலையக் கெடுத்துடும்."

போகியன்று விடிகாலையில், கிழிந்த பாயோடு மாத்திரைப் பொட்டலத்தையும் உன் வீட்டுக்காரர் நெருப்பில் போட்டார். பழையது கழிகிறது என்று நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆடியில் ரத்தமாகத் துப்பினாய். ஐப்பசி மழையில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம்.

காரியம் முடிகிறவரை பதினாறு நாளும் உன் கையையே நினைத்துக் கிடந்தேன். பதினேழாம் நாள் அந்த மாடி ஏறினேன். ஈர முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குழாயைப் பிடித்தேன். முள் எகிறியது. "ஒங்களுக்கும் இருக்கும்மா" என்றார். கீழே இறங்கி, மடியில் முடிந்து கொண்டுபோன சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறினேன். முள் படுத்துவிட்டது.

"எந்த அலைய்யா போச்சு? என் கை ஈரந்தானே போச்சு?" என்றேன். அவர் பிளக்கைப் பிடுங்கினார்.

உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முள்ளு படுத்தத நான் என் கண்ணால பாத்தேன்க்கா" என்கிறார். நான் சொல்வதை நம்பினால் உன்னை அந்த நெருப்பில் போட்டது அவர் என்று ஆகிவிடும். எப்படி நம்புவார்?

உனக்குச் சொல்லக் கூடாத சேதி ஒன்று இருக்கிறது. உன் மகள் செல்வி ஒரு மாதமாக இருமுகிறாள். திங்கட்கிழமை அதே மாடிக்குக் கூட்டிப்போகிறாராம். "புது மெஷின் வந்துருக்குக்கா" என்கிறார். உன் மகளும், "மாத்திரை கசக்கும் பெரியம்மா, குழாய் கசக்காது" என்கிறாள். பெற்ற தகப்பன் முன்னால் என் பேச்சு எங்கே எடுபடும்?

நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடப் போகிறேன். அவர் கதவைச் சாத்தினால் வாசலிலேயே கிடப்பேன். ஜெயிப்பேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். மாத்திரை மட்டும் கைக்கு வந்துவிட்டால், தினமும் எதிரே உட்கார்ந்து, அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இந்தப் போகிக்கும் என் வாசலில் நெருப்பு இல்லை. சுவரும் கறுத்தே கிடக்கட்டும்.

சுண்ணாம்பிலிருந்து உன் கையை விலக்காத
உன் அக்கா