கிரகணத்தன்று கத்தரி

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா எழுதுவது. ஆம்பூரில் நானும் அப்பாவும் சுகம். ஸ்பெயினில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். நான் அதே ஷூ கம்பெனியில்தான், தைத்து வரும் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரியால் வெட்டிக்கொண்டு இருக்கிறேன். நீ போனில் சொன்னதிலிருந்து தலை சுற்றுகிறது. கிரகணத்தைக் கண்ணால் பார்க்க மாட்டேன், ஆராய்ச்சிக்கூடத்து அறைக்குள் உட்கார்ந்து, பெரிய ஆண்டெனா வைத்து ரேடியோவில் பிடிப்பேன் என்றாய். பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரவில்லை, அதுவரை நிம்மதி. அப்பா இதை டீக்கடையில் பெருமையாகச் சொல்லப்போய், எந்த ஸ்டேஷன் என்று அவர்கள் கேட்க, பாதி டீயில் எழுந்து வந்து என்மேல் எரிந்து விழுந்தார். சந்திரன் முழுசாக மூடினாலும் சூரியனைச் சுற்றியுள்ள சூட்டிலிருந்து ரேடியோ அலை வந்துகொண்டே இருக்கும் என்றாயே, மூடியபின் எப்படி வரும் என்று பக்கத்து சீட்டு மஹ்பூபியும் நானும் பேசிப் பேசிக் குழம்பினோம்.

அதுகூடப் போகட்டும். சந்திரனின் ஓரம் கத்தி மாதிரி, அது நகர நகரச் சூரியனைச் சீவல் சீவலாக வெட்டி, எந்தச் சீவலிலிருந்து எவ்வளவு அலை வருகிறது என்று அளப்போம் என்றாய், அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி காய்கூட நறுக்கக் கூடாது, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பார்களே. எங்க வூட்லயும் கத்தி தொட உட மாட்டாங்க என்றாள் மஹ்பூபி. திரும்பப் போன் போட்டுக் கேட்டால், வெட்றது நான் இல்லம்மா, நெலாதான் என்று சிரிக்கிறாய். நிலா வெட்டினால் தோஷம் நிலாவுக்கா, அளக்கிற உனக்கா? கோயில் குருக்களைக் கேட்டேன், பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு விபூதி கொடுத்து அனுப்பினார். போன முறை கலைந்தபோது கிரகணமும் இல்லை, நீ கத்தியும் தொடவில்லை, கட்டிலிலேயே படுத்திருந்தாய். எது காக்கும், எது காக்காது என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு, பயம் மட்டும் இருக்கிறது.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த ஒரு கிரகணத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவளுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. போய் உன் வேலையைப் பார். அங்கே காலையில் கிரகணம் பிடிக்கும்போது இங்கே மத்தியானம், அந்த நேரம் நான் எதையும் வெட்டப் போவதில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன், சிரித்துக்கொண்டே சரி என்றார். என் பங்கு நூலையும் மஹ்பூபி வெட்டுகிறாளாம். உனக்குப் பதில் நான் சும்மா இருந்தால் கணக்கில் சேருமோ சேராதோ, யாரைக் கேட்பது?

நீயும் பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. கிரகணம் விட்டதும் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுப்பேன்.

உன் அம்மா
வள்ளியம்மாள்